மணிக்கணக்கு இல்லாத விலை: ஸ்டெஃபனி ஷர்லி வேலையை விட்ட கதை, ஒரு நிகழ்வு ஆய்வு

1962-இல் இங்கிலாந்தில், 30 வயதை இன்னும் தொடாத ஒரு பெண் கணினிக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து தனியாகத் தொழில் தொடங்கினார். பெயர் ஸ்டெஃபனி ஷர்லி. போட்ட முதலீடு வெறும் 6 பவுண்டு. தொழிலுக்கு அவர் வைத்த பெயர் 'ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்'. பிற்காலத்தில் அந்தக் கம்பெனியின் மதிப்பு 300 கோடி டாலரைத் தாண்டியது. அதில் வேலை செய்தவர்களில் 70 பேர் கோடீஸ்வரர்கள் ஆனார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் அவருடைய துணிச்சலைச் சொல்வார்கள், இல்லையென்றால் ஆண்கள் ஆண்ட துறையில் ஒரு பெண் ஜெயித்ததைச் சொல்வார்கள். இரண்டும் உண்மை, இரண்டும் சொல்லப்பட வேண்டியவை. ஆனால் மாதச் சம்பளத்தை விட்டுத் தனியாக வேலை செய்யலாமா என்று யோசிக்கும் ஒருவர் இந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது, அவர் வேலைக்கு எப்படி விலை சொன்னார் என்பதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் தன் நேரத்தை விற்கவில்லை. முடித்துக் கொடுக்கும் வேலையை விற்றார். மற்றதெல்லாம் அதிலிருந்து கிளைத்து வந்ததாகவே இந்த ஆய்வில் பார்க்கிறேன்.

விடுவதற்கு முந்தைய 11 ஆண்டுகள்

அவர் 1933-இல் ஜெர்மனியின் டோர்ட்முண்டில் பிறந்தவர். அப்பா யூதர், நீதிபதி. நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் பதவி பறிபோனது. 1939 கோடையில், 5 வயதுக் குழந்தையாக, 9 வயது அக்காவுடன் ரயிலேறி இங்கிலாந்து வந்து சேர்ந்தார். போர் தொடங்கும் முன் நாஜிகளின் பிடியிலிருந்து ஏறக்குறைய 10,000 குழந்தைகளைப் பெற்றோர் இல்லாமல் பிரிட்டனுக்குக் கொண்டுவந்த ஏற்பாட்டில் அவர்களும் இருந்தார்கள். வளர்ப்புப் பெற்றோரிடம் வளர்ந்தார். அவர் படித்த பெண்கள் பள்ளியில் அவருடைய தரத்துக்கு ஏற்ற கணிதப் பாடம் இல்லாததால், ஆண்கள் பள்ளிக்குப் போய்க் கணிதம் கற்றார்.

1951-இல், 18 வயதில், லண்டன் டாலிஸ் ஹில்லில் இருந்த அஞ்சல் துறை ஆராய்ச்சி நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய ரகசியச் செய்திகளை உடைக்க உதவிய கொலோசஸ் கணினியை டாமி ஃப்ளவர்ஸ் வடிவமைத்தது அந்த நிலையத்தில்தான். கணினி என்றால் என்ன என்று உலகத்தில் வெகு சிலருக்கே தெரிந்த காலத்தில், அங்கே அதைக் கையால் தொட்டுக் கற்கும் வாய்ப்பு ஷர்லிக்குக் கிடைத்தது. கணினிக்கு நேரடியாகப் புரியும் இயந்திர மொழியில் நிரல்கள் (புரோகிராம்கள்) எழுதினார். பகலில் வேலை, மாலையில் வகுப்பு என்று 6 ஆண்டுகள் ஓடிக் கணிதத்தில் பட்டம் வாங்கினார்.

அப்போது பிரிட்டிஷ் அரசுப் பணியில் ஆணுக்கு ஒரு சம்பளம், பெண்ணுக்கு ஒரு சம்பளம். சம ஊதியம் 1955 முதல் 1961 வரை படிப்படியாகத்தான் வந்தது. 1959-இல் அதே நிலையத்தில் இயற்பியலாளராக இருந்த டெரிக் ஷர்லியை மணந்தார். பிறகு அரசு வேலையை விட்டு, ஐ.சி.டி 1301 என்ற கணினியை வடிவமைத்துக்கொண்டிருந்த கம்பியூட்டர் டெவலப்மெண்ட்ஸ் லிமிடெட் என்ற தனியார் கம்பெனிக்கு மாறினார்.

இந்த 11 ஆண்டுகளை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த 6 பவுண்டு சொல்லச் சொல்ல இனிக்கும் எண், அதனால் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். அதைக் கேட்டு வேலையை விடத் துணிபவர், அதற்குப் பின்னால் இருந்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும். வன்பொருளும் மென்பொருளும் தெரிந்த 11 ஆண்டு அனுபவம் இருந்தது. கணவரின் மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. வீடு இருந்தது, அதன் பேரில் பின்னால் கடனும் வாங்கினார். 6 பவுண்டில் தொடங்கியது உண்மை. 6 பவுண்டில் வாழ்ந்தார் என்று யாராவது நினைத்தால் அது தவறு. தனியாகத் தொழிலுக்கு வருபவருக்கு முதல் ஓராண்டில் வேண்டியது இதுதான்: வருமானம் வராத மாதங்களைத் தாங்க ஏதோ ஒரு தூண். அது சேமிப்பாக இருக்கலாம், துணையின் சம்பளமாக இருக்கலாம். அந்தத் தூணைப் பெயர் சொல்லிக் குறித்துக்கொள்ளாமல் வெளியே வருவதுதான் ஆபத்து.

'நீங்கள் தொழில்நுட்பம்தானே'

அவர் விலகியதற்குப் பெரிய சண்டை எதுவும் காரணமில்லை. கம்பெனியில் ஒரு கூட்டம். தன் தொழில்நுட்ப வேலைக்கு வெளியே, வியாபாரத்தைத் தொடும் விஷயத்தில் ஒரு யோசனை சொன்னார். உங்கள் வேலை தொழில்நுட்பம், இது உங்கள் விஷயம் இல்லை என்ற பொருளில் வாயை அடைத்துவிட்டார்கள். அங்கே தன்னை மேலே உயர விடாத ஒரு கூரை இருப்பது அவருக்குப் புரிந்தது. வேலையை விட்டார்.

அந்த ஒரு வாக்கியம் அவரை எந்த இடத்தில் அடித்தது என்று கவனியுங்கள். சம்பளம் போதவில்லை என்று அவர் விலகவில்லை, மேலதிகாரி கத்தினார் என்றும் விலகவில்லை. எந்த வேலையை எடுப்பது, என்ன விலை சொல்வது, யாரிடம் விற்பது என்று முடிவு செய்யும் இடத்துக்குள் அவரை விடவில்லை. அடுத்து வந்த 30 ஆண்டுகளில் அவர் கட்டியது முழுவதும் அந்த மறுப்புக்கான பதிலாகத் தெரிகிறது. கம்பெனி எதை அவர் கையில் தரவில்லையோ, தனியாக வந்தபின் அவருக்கு மிக நன்றாகக் கைவந்தது அதுதான்.

ஒரு வேலையை விட நினைப்பவர் தன்னிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இங்கே இருக்கிறது என்று நினைக்கிறேன். இங்கே எனக்கு எது மறுக்கப்படுகிறது, வெளியே போனால் அது கிடைக்குமா? மறுக்கப்படுவது ஓய்வு என்றால், தனித்தொழிலில் ஓய்வு இன்னும் குறையும். மறுக்கப்படுவது அங்கீகாரம் என்றால், வெளியே அங்கீகாரம் தரும் ஆள் யாரும் இல்லை. பில்லுக்குப் பணம் வந்தால் அதுதான் அங்கீகாரம். முடிவெடுக்கும் உரிமை மறுக்கப்படுகிறது என்றால், அது வெளியே நிச்சயம் கிடைக்கும், அதன் சுமையோடு சேர்ந்து.

யாரும் காசு கொடுக்காத சரக்கு

அவர் விற்க வந்தது மென்பொருள். 1962-இல் அதற்குச் சந்தை என்று ஒன்று அநேகமாக இல்லை. கணினி வாங்கினால் அதற்கான நிரல்களைத் தயாரிப்பாளரே இலவசமாகச் சேர்த்துக் கொடுத்துவிடுவார். இலவசமாகக் கிடைப்பதற்கு யார் காசு கொடுப்பார்கள், அதுவும் ஒரு பெண்ணிடம் என்று சிரித்தார்கள். பெரிய அமெரிக்கக் கணினி நிறுவனமான ஐ.பி.எம் தன் மென்பொருளுக்கும் சேவைகளுக்கும் தனி விலை வைக்கப்போவதாக அறிவித்ததே 1969 ஜூனில்தான். ஷர்லி அதற்கு 7 ஆண்டுகள் முன்பே கடை விரித்துவிட்டார்.

ஆனால் அவர் முற்றிலும் தனி ஆள் இல்லை. 1955-இல் அமெரிக்காவில் ஐ.பி.எம் அனுபவத்தோடு வெளியே வந்த எல்மர் குபியும் ஜான் ஷெல்டனும் கம்பியூட்டர் யூசேஜ் கம்பெனி என்ற பெயரில், நிரல் எழுதித் தருவதையே தொழிலாகக் கொண்ட முதல் கம்பெனியைத் தொடங்கியிருந்தார்கள். 1957-இல் அதே நாட்டில் எல்சி ஷட் என்பவர், தாய்மைக் காரணத்தால் கம்பெனி வேலையை விட வேண்டிவந்தபோது, வீட்டிலிருந்தே நிரல் எழுதிக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கினார். அவரோடு சேர்ந்தவர்களும் வீட்டிலிருந்த பெண்களே. ஆக, தேவை இருந்தது. கணினி வாங்கிய நிறுவனங்கள் பெருகிக்கொண்டிருந்தன, அதை இயக்கத் தெரிந்தவர்கள் போதவில்லை. தயாரிப்பாளர் இலவசமாகத் தந்த நிரல் எல்லோருக்கும் பொதுவானது. ஒரு நிறுவனத்தின் சரக்கு இருப்பையோ லாரிப் போக்குவரத்தையோ சரியாகக் கணக்கிடும் நிரலை யாராவது உட்கார்ந்து தனியாக எழுதித்தான் ஆக வேண்டும். ஷர்லி நுழைந்தது அந்த இடைவெளியில்.

நுழைவது சுலபமாக இல்லை. 'ஸ்டெஃபனி ஷர்லி' என்று கையெழுத்துப் போட்டு நிறுவனங்களுக்குக் கடிதம் மேல் கடிதம் அனுப்பினார். பதில் இல்லை. வீட்டில் செல்லமாகக் கூப்பிடும் 'ஸ்டீவ்' என்ற பெயரைப் போட்டு எழுதிப் பாரேன் என்றார் கணவர். எழுதினார். பதில்கள் வரத் தொடங்கின. வந்திருப்பது பெண் என்று தெரிவதற்குள் அவர் உள்ளே வந்து உட்கார்ந்துவிடுவார். கணவரின் அனுமதி இல்லாமல் தனக்கு ஒரு வங்கிக் கணக்குத் திறக்க முடியாத காலம் அது என்று அவரே சொல்லியிருக்கிறார். கடிதத்துக்கு ஏன் பதில் வரவில்லை என்பதை அதோடு சேர்த்துப் புரிந்துகொள்ளலாம்.

1963-இல் மகன் ஜைல்ஸ் பிறந்தான். தொலைபேசியில் வாடிக்கையாளரிடம் பேசும்போது குழந்தையின் சத்தம் கேட்காமலிருக்க, தட்டச்சு இயந்திரம் ஓடும் சத்தத்தைப் பதிவு செய்து பின்னணியில் ஓடவிட்டார். பரபரப்பான அலுவலகம் போல ஒலிக்கும். இதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் தந்த வேலை உண்மையானது. அந்த வேலையைக் கேட்பதற்கு முன்பே காதை மூடிக்கொள்ளும் உலகத்திடம் ஒரு நிமிடம் கேட்க வைக்கும் வழி அது.

முதல் இரண்டு ஆண்டுகள் கம்பெனி என்ற சட்ட வடிவமும் இல்லை. 1964-இல்தான் வரையறுக்கப்பட்ட (லிமிடெட்) நிறுவனமாகப் பதிவானது. முதலில் வேலை, அது ஓடும் என்று தெரிந்தபின் பதிவு என்ற இந்த வரிசை எனக்குப் பிடித்திருக்கிறது. பெயர்ப் பலகை, கடிதத் தாள், பதிவுச் சான்று என்று முதல் மாதங்களை அதிலேயே செலவழிப்பவர்கள் ஏராளம். முதல் வாடிக்கையாளர் வராத வரை அதெல்லாம் அலங்காரம்தான்.

விலை சொன்ன விதம்

இனி மையத்துக்கு வருகிறேன்.

வேலை செய்பவர்கள் வீட்டில் இருப்பவர்கள், அதிலும் பகுதி நேரம்தான் செய்பவர்கள் என்பதை வாடிக்கையாளரிடமிருந்து மறைக்க ஷர்லி ஒரு வழி கண்டுபிடித்தார்: நிலையான விலை. இந்த நிரலை எழுதித் தர இவ்வளவு, அவ்வளவுதான். இந்தத் தொழிலில் அப்படி விலை சொன்ன முதல் சிலரில் அவரும் ஒருவர்.

இதன் ஆழத்தை உணர, மறுபக்கத்தை யோசித்துப் பாருங்கள். மணிக்கணக்கில் பணம் கொடுப்பவருக்கு அந்த மணிகள் மேல் உரிமை வந்துவிடுகிறது. எத்தனை மணிக்கு உட்கார்ந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள், இடையில் எழுந்து எங்கே போனார்கள் என்று கேட்பது அவருடைய நியாயம். மணிக்கணக்கில் விற்கும் தனித்தொழிலாளி, நாற்காலியும் ஓய்வூதியமும் இல்லாத ஊழியராகவே இருக்கிறார். மேலதிகாரி போய்விட்டார், அந்த இடத்தில் வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்துகொண்டார். குழந்தை தூங்கும்போது இரண்டு மணி நேரம், இரவு எல்லோரும் படுத்தபின் மூன்று மணி நேரம் என்று வேலை செய்யும் தாய்மாரால் அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கவே முடியாது.

நிலையான விலையில் அந்தக் கேள்வி எழுவதில்லை. வேலை சொன்ன தேதிக்குச் சரியாக வந்ததா, இல்லையா? அது மட்டும்தான் கேள்வி. தன் நாளைத் தானே அமைத்துக்கொள்ளும் சுதந்திரத்துக்காகத்தான் பெரும்பாலானவர்கள் கம்பெனியை விடுகிறார்கள். அந்தச் சுதந்திரம் ராஜினாமாக் கடிதத்தில் வருவதில்லை, விலை சொல்லும் விதத்தில்தான் வருகிறது.

அதற்கு ஈடாக ஒன்றைக் கொடுக்க வேண்டும். கணிப்பு தவறினால் நஷ்டம் உங்களுடையது. 100 மணி நேரத்தில் முடியும் என்று நினைத்து விலை சொல்கிறீர்கள். 140 மணி நேரம் ஆகிறது. அந்த 40 மணி நேரத்தை யாரும் தர மாட்டார்கள். அதுபோல 70-இல் முடித்தால் மீதி 30 உங்களுடையது. ஆக, நிலையான விலை சொல்பவருக்கு இரண்டு திறமை வேண்டும். ஒன்று, வேலை தொடங்கும் முன்பே அதன் அளவைச் சரியாகக் கணிப்பது. இன்னொன்று, தொடங்கியபின் அதன் அளவு வளராமல் காப்பது. இரண்டாவதுதான் கடினம். கணிப்பு தவறும் இடங்களைப் பார்த்தால், வேலை செய்பவரின் மெத்தனம் அதில் சிறு பங்குதான். வாடிக்கையாளர் நடுவில் மனம் மாறுவார், தர வேண்டிய தகவலைத் தாமதமாகத் தருவார், 'இது சின்ன மாற்றம்தானே' என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பார்.

இங்கேதான் அவர்கள் வேலை செய்த முறை முக்கியமாகிறது. வீட்டில் கணினி கிடையாது. பென்சிலும் தாளும்தான். ஒவ்வொரு பணியையும் முதலில் ஓட்டப் படமாக (ஃப்ளோசார்ட்) வரைந்து, படிப்படியாகப் பிரித்துத் தெளிவாக்குவார்கள். அதற்குப் பிறகுதான் குறிமுறை, பெரும்பாலும் இயந்திர மொழியில். எழுதியதைத் தபாலில் தரவு மையத்துக்கு அனுப்புவார்கள். அங்கே தாள் நாடாவிலோ அட்டையிலோ துளையிடுவார்கள், சரிபார்க்க இரண்டாம் முறையும் துளையிடுவார்கள். அதெல்லாம் முடிந்தபின்தான் கணினிக்குப் போகும். ஒரு பிழை இருந்தால் பல நாள் போச்சு. ஆகவே எழுதுவதற்கு முன் யோசிப்பது அவர்களுக்குக் கட்டாயமாக இருந்தது. அந்தக் கட்டாயம் நிலையான விலைக்கு மிகப் பொருத்தமாக அமைந்தது என்பது என் கணிப்பு. செய்ய வேண்டியது முழுவதும் முன்கூட்டியே தாளில் இருந்தால் அதற்கு விலை சொல்ல முடியும். பிறகு யாராவது புதிதாக ஒன்றைக் கேட்டால், இது அந்தத் தாளில் இல்லை என்று காட்டவும் முடியும்.

ஆரம்பத்தில் கிடைத்த வேலைகளில் ஒன்று இன்னும் நல்வாய்ப்பாக அமைந்தது. மென்பொருள் வேலையை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பதற்கான விதிமுறைகளையும் மேலாண்மை நெறிகளையும் எழுதித் தரும் வேலை அது. எழுதிக் கொடுத்தார்கள், பணம் வாங்கினார்கள், அதே விதிமுறைகளைத் தங்கள் வேலைக்கும் பயன்படுத்திக்கொண்டார்கள். காலத்துக்கேற்ப அதைப் புதுப்பித்துத் தரவும் ஆண்டுகள் பல கூலி கிடைத்தது. பிற்பாடு நேட்டோ அமைப்பும் அவற்றை ஏற்றது. மற்றவரின் காசில் தங்கள் கணிப்புத் திறனைக் கூர்தீட்டிக்கொண்டார்கள். இப்படி ஒரு வேலை தனித்தொழிலில் எப்போதாவதுதான் வரும். வந்தால் லாபம் குறைவாக இருந்தாலும் அதை எடுக்கலாம்.

நிலையான விலை எல்லா இடத்திலும் செல்லாது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். என்ன வேண்டும் என்று வாடிக்கையாளருக்கே தெரியாதபோது முழு வேலைக்கும் ஒரே விலை சொன்னால் தொழிலே மூழ்கிவிடும். அப்போது வேலையைத் துண்டாக்க வேண்டும். முதல் துண்டு, என்ன செய்ய வேண்டும் என்று ஆராய்ந்து எழுதித் தருவது. அதற்குச் சிறிய நிலையான விலை. அந்தத் தாள் கையில் வந்தபின் அடுத்த துண்டுக்கு விலை. வாடிக்கையாளருக்கும் இது நல்லது: முதல் துண்டோடு நிறுத்திக்கொள்ள அவருக்கும் உரிமை இருக்கிறது.

தொலைபேசி இருக்கிறதா?

வேலை பெருகியபோது ஆட்களை எங்கே தேடினார்? கல்யாணம் ஆனதாலோ குழந்தை பிறந்ததாலோ கணினித் துறையை விட்டு வீட்டுக்குப் போன பெண் புரோகிராமர்களைத் தேடினார். பெரிய நிறுவனங்கள் பயிற்சி கொடுத்து, பல ஆண்டு அனுபவத்தோடு வீட்டுக்கு அனுப்பிய திறமைசாலிகள். யாருக்கும் வேண்டாதவர்களாக இருந்தார்கள், ஏனென்றால் அவர்களால் காலை ஒன்பது மணிக்கு அலுவலக நாற்காலியில் உட்கார முடியாது. நிலையான விலை அந்த நாற்காலியைத் தேவையில்லாமல் ஆக்கிவிட்டது. முதல் 300 பேரில் 297 பேர் பெண்கள்.

விண்ணப்பிப்பவர்களிடம் கேட்ட கேள்விகளில் ஒன்று: உங்களுக்குத் தொலைபேசி வசதி இருக்கிறதா? 1960-களில் எல்லா வீட்டிலும் தொலைபேசி கிடையாது. அது இருந்தால், பிறகு நம்பிக்கைதான். மேற்பார்வையாளர் எட்டிப் பார்க்கும் ஏற்பாடு எதுவும் இல்லை. கேட்டால் மென்மையாகத் தோன்றும், ஆனால் இதற்கு அடியிலும் அதே கணக்குத்தான் ஓடுகிறது. முடித்த வேலையை வாங்குபவர் வேலை செய்யும் ஆளைக் காவல் காக்கத் தேவையில்லை.

சரக்கு ரயில் அட்டவணை, பேருந்து நேரப் பட்டியல், சரக்கு இருப்புக் கணக்கு என்று வேலைகள் வந்தன. சரக்கு இருப்புக் கணக்கு நிறையவே வந்தது. பளபளப்பு இல்லாத வேலைகள், ஆனால் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வேண்டியவை. பளபளப்பானதும் ஒன்று வந்தது. ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறக்கவிருந்த கான்கார்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல். அந்த வேலையில் முன்னின்ற ஆன் மொஃபட், 1966-இல் தன் வீட்டுச் சமையலறை மேசையில் குழந்தை அருகிலிருக்க எழுதிக்கொண்டிருக்கும் புகைப்படம் ஒன்று இருக்கிறது. கான்கார்ட் முதல் முறை வானில் ஏறியது 1969 மார்ச்சில். அதற்கான நிரலின் ஒரு பகுதி சமையலறையில் பிறந்தது என்று விமானத்தைப் பார்த்துக் கையசைத்தவர்களில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அந்தப் புகைப்படத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

1975-இல் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் பிரிட்டனில் வந்தது. பெண்களுக்காகப் போட்ட சட்டம், பெண்களுக்கே வேலை என்ற அவருடைய கொள்கையைச் சட்டவிரோதம் ஆக்கிவிட்டது. ஆண்களையும் எடுக்கத் தொடங்கினார்.

விழுந்த அடிகள்

இதுவரை சொன்னதைப் படித்துவிட்டு, விலையைச் சரியாகச் சொன்னால் போதும் என்று யாராவது முடிவு கட்டினால் அது ஷர்லிக்கே அநியாயம். 1970-களின் தொடக்கத்தில் தொழில் மந்தம் வந்தபோது கம்பெனி மிகவும் தள்ளாடியது. மந்தம் வந்தால் நிறுவனங்கள் முதலில் நிறுத்துவது வெளியாட்களுக்குத் தரும் வேலையைத்தான். தனித்தொழிலில் இருப்பவருக்கு இது எந்தக் காலத்திலும் மாறாத அபாயம். உங்கள் வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும், வெட்டத் தொடங்கும்போது கத்தி முதலில் வருவது உங்கள் பக்கம்.

வீட்டில் அதைவிடப் பெரிய துயரம். ஜைல்ஸ் நன்றாக வளர்ந்துகொண்டிருந்த குழந்தை. இரண்டரை வயதில், பேசிக்கொண்டிருந்த கொஞ்சப் பேச்சையும் இழந்தான். ஆட்டிசம், அதுவும் கடுமையான நிலையில். பிறகு வலிப்பும் சேர்ந்துகொண்டது. அவன் வளர வளர வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது பெற்றோரின் சக்தியை மீறியது. பல ஆண்டுகள் மருத்துவமனையில் வைக்க வேண்டிவந்தது. அந்த அழுத்தத்தில் ஷர்லியே உடைந்து நோயுற்ற காலமும் உண்டு. பின்னாளில் மகனை மருத்துவமனையிலிருந்து வெளியே கொண்டுவந்து, அவனைப் போன்றவர்களுக்கான இல்லம் ஒன்றை உருவாக்கினார். அங்கே வசித்த முதல் ஆள் ஜைல்ஸ். 1998-இல், 35 வயதில் அவன் இறந்தான்.

ஒரு தொழிலின் ஆய்வில் இதை ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். மாதச் சம்பளத்தில் இருப்பவர் நோயுற்றால் சில காலமாவது சம்பளம் வரும், அவருடைய மேசை வேலையை இன்னொருவர் பார்ப்பார். தனியாக இருப்பவர் படுத்தால் எல்லாம் படுத்துவிடும். ஷர்லியின் தொழில் அப்படிப் படுக்கவில்லை. நெருக்கடி வந்த நேரத்தில் அவருக்கு அடுத்த நிலையில் பொறுப்பெடுக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். வேலையின் ஒவ்வொரு படியும் தாளில் இருந்ததால், ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர் தொடரவும் முடிந்திருக்கும். தனி ஆளாகவே இருக்க விரும்புபவரும் இதில் ஒன்றைச் செய்யலாம்: அதே துறையில், அதே தரத்தில் வேலை செய்யும் இரண்டு பேரைத் தெரிந்துவைத்து, ஒருவர் முடங்கினால் மற்றவர் கையேற்பது என்று முன்பே பேசிவைப்பது. அப்புறம், நடந்துகொண்டிருக்கும் வேலையை இன்னொருவர் படித்தால் புரியும்படி எழுதிவைப்பது. சலிப்பான வேலைதான், ஆனால் தள்ளிப்போடக் கூடாது.

பங்கும் இரண்டாவது விலகலும்

கம்பெனியின் கால் பங்கை ஊழியர்கள் கைக்கு மாற்றினார் ஷர்லி. அவர்கள் அதற்குக் காசு கொடுக்கவில்லை. குறைந்தது ஷர்லியின் பங்கு மட்டுமே. நிலையான விலையில் வேலையைச் சொன்னதற்கு முன் முடித்தால் மிஞ்சும் லாபம் யாருடைய உழைப்பில் வந்தது என்ற கேள்விக்கு, இதைவிட நேர்மையான பதில் எனக்குத் தெரியவில்லை. வியாபார முடிவில் உனக்கு என்ன வேலை என்று 1962-இல் ஒரு கூட்டத்தில் கேட்கப்பட்ட பெண், தன்னிடம் வேலை செய்தவர்களை உரிமையாளர் ஆக்கினார்.

கம்பெனியின் பெயர் காலப்போக்கில் எஃப் இன்டர்நேஷனல், எஃப்.ஐ குரூப் என்று மாறிக் கடைசியில் ஸான்சா ஆயிற்று. சென்னையிலும் நொய்டாவிலும் அலுவலகம் வைத்திருந்த அந்த ஸான்சாதான். அங்கே வேலை பார்த்த தமிழர்கள் பலர் இருப்பார்கள், அதன் வேர் ஒரு சாப்பாட்டு மேசையில் இருப்பது அவர்களில் எத்தனை பேருக்குச் சொல்லப்பட்டதோ. 2007-இல் பிரெஞ்சு நிறுவனமான ஸ்டெரியா அதை வாங்கியது.

1962-இல் கம்பெனி வேலையிலிருந்து விலக அவருக்கு அதிக நாள் தேவைப்படவில்லை. தான் கட்டிய கம்பெனியிலிருந்து விலகத்தான் பல ஆண்டுகள் ஆயின. 1980-களில் தலைமை நிர்வாகத்தை ஹிலரி கிராப்பரிடம் ஒப்படைத்தார். 1993-இல், 60 வயதில், முழுவதுமாக ஓய்வு பெற்றார். அதன்பிறகு ஆட்டிசம் ஆராய்ச்சிக்கும் பராமரிப்புக்கும் தன் செல்வத்தின் பெரும்பகுதியைக் கொடுத்தார். 2025 ஆகஸ்டில், 91 வயதில் காலமானார்.